மஞ்சள் கோட்டில் நின்ற மீன் பெட்டி

வாசல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளே,

உங்கள் முன்னால் நின்று நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதிக் கொடுத்துவிடுகிறேன், டீ குடிக்கும்போது உங்களில் யாராவது சத்தமாக வாசித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன். கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள் நான். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர்ட் பிளேரில் பள்ளிக்கூட ஆயாவாக வேலை பார்த்தேன். வருஷா வருஷம் எங்கள் பள்ளியின் பெரிய ஹாலில்தான் மாணவர்களின் ரோபோ போட்டி நடக்கும். யாராவது வாசலில் நிற்க வேண்டுமே என்று என்னை நிறுத்தினார்கள். ரிட்டையர் ஆன பிறகும் போட்டி நாளுக்கு மட்டும் கூப்பிட்டார்கள். முட்டி ஒத்துழைத்தவரை போனேன்.

ரோபோ எப்படி ஓடுகிறது என்று என்னிடம் கேட்காதீர்கள். சக்கரம் இருக்கும், வயர் இருக்கும், பிள்ளைகள் அதன் முன்னால் மண்டிபோட்டு மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பார்கள். கட்டையை எடுத்துக்கொண்டு போய் வைக்க வேண்டிய இடத்தில் அது வைத்துவிட்டால் கத்துவார்கள், வைக்காவிட்டால் அழுவார்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதைச் சொல்லித் தர நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது விதிகளைப் பற்றி.

இந்தப் போட்டியில் விதி வருஷத்துக்கு வருஷம் மாறும். மெயின்லேண்டில் யாரோ உட்கார்ந்து யோசித்து மாற்றுவார்கள். மாறின விதி முதலில் வந்து மோதுகிற இடம் வாசல். அதனால் நம் தலைதான் முதலில் உருளும்.

ஆரம்பத்தில் வாசல் என்று ஒன்று பேருக்குத்தான் இருந்தது. அம்மாக்கள் டிபன் டப்பாவோடு உள்ளே வருவார்கள். அப்பாக்கள் திருப்புளியோடு வருவார்கள். பிள்ளை ஓரமாக நின்று பிஸ்கட் தின்னும், அப்பா ரோபோவைச் சரி செய்வார். பிறகு ஒரு வருஷம் விதி மாறியது. தரையில் மஞ்சள் டேப் ஒட்டினார்கள். அந்தக் கோட்டைத் தாண்டினால் போட்டியிடுகிற மாணவர்களும் நடுவர்களும் மட்டும்தான்.

எல்லாருக்கும் அதை எடுத்துச் சொல்லும் வேலை என் தலையில். நானோ கடையில் மிச்சச் சில்லறை கேட்கக் கூச்சப்படுகிறவள்.

அன்றைக்கே ஒரு அப்பா வந்துவிட்டார். கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்ப்பவர், தெலுங்குக்காரர், ஆள் கதவு அகலம். கையில் ஸ்பேனர்.

"கப்பலையே ஓட்டறேன், இந்தப் பொம்மையத் தொடக்கூடாதா? ஹடோ, ஹடோ, நகருங்க" என்றார்.

எனக்குச் சத்தமே வரவில்லை. கையை மட்டும் அகட்டிக்கொண்டு நின்றேன். அப்போது உள்ளேயிருந்து தலைமை நடுவர் மேடம் நடந்து வந்தார். மலையாளி, மெலிந்த உடம்பு, குரல் அதைவிட மெலிது. என்னைக் காப்பாற்ற வருகிறார் என்று நினைத்தேன். அவர் அந்த அப்பாவைப் பார்க்கவேயில்லை. கோட்டுக்கு உள்பக்கம் நின்றுகொண்டு என்னைக் கேட்டார்.

"அக்கா, நான் வெளியில போயிட்டு வரட்டா? திரும்பி வந்தா விடுவீங்களா?"

நான் தலையாட்டினேன். வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, கோட்டுக்கு முன்னால் நின்று, "வரலாமா அக்கா?" என்று மறுபடியும் கேட்டுவிட்டு உள்ளே போனார்.

அந்த அப்பா என்னையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "டீக் ஹை, சரி. கப்பல்ல கேப்டன்கூட ஏணியில நிக்கிற ஆள்கிட்ட சொல்லிட்டுத்தான் ஏறணும்" என்று அவரே சிரித்துக்கொண்டு, ஸ்பேனரைப் பேண்ட் பையில் செருகிக்கொண்டு, என் பக்கத்திலேயே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு வந்த அப்பாக்களை அவரே அதட்டி நிறுத்தினார்.

சாயங்காலம் மேடம் என்னிடம் சொன்னார். "நீங்க யாரையும் 'வேண்டாம்'னு சொல்ல வேண்டாம் அக்கா. அது கஷ்டம்னா விட்டுருங்க. கோட்டைக் காட்டுங்க, போதும்."

எத்தனையோ பேரிடம் வேலை பார்த்திருக்கிறேன். என் கூச்சத்தை விட்டுவிடச் சொல்லாமல், அதை வைத்துக்கொண்டே வேலை செய்ய வழி காட்டியவர் அவர் ஒருவர்தான். உங்களிலும் வாய் பேச வராதவர்கள் இருப்பீர்கள். பயப்பட வேண்டாம். இது குரலால் செய்கிற வேலை இல்லை.

இன்னொன்று. ரோபோவை வைத்துப் பார்க்கிற அளவுப் பெட்டியை ஒரு வருஷம் சின்னதாக்கிவிட்டார்கள். நீல் தீவிலிருந்து போட்டில் வந்த பிள்ளைகளுக்கு அது தெரியாது. தங்கள் ரோபோவுக்குத் தலையில் கொடி வைத்து அழகு பண்ணியிருந்தார்கள். அளக்கிற நேரத்தில் தெரிந்துகொள்ளட்டும், நமக்கென்ன என்று நான் இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் பையை இறக்கி வைப்பதற்கு முன்பே, "பெட்டி சின்னதாயிருச்சு கண்ணுகளா, முதல்ல அதப் பாருங்க" என்றேன். கொடியைக் கழற்ற அவர்களுக்கு நேரம் கிடைத்தது. விதி மாறுவதால் பிள்ளைகள் அழுவதில்லை. அதைக் கடைசி நேரத்தில் தெரிந்துகொள்வதால்தான் அழுகிறார்கள். வருகிற பிள்ளையிடம் முதல் வார்த்தையாகப் புது விதியைச் சொல்லுங்கள். சாப்பிட்டாயா என்று பிறகு கேட்கலாம்.

இனி அந்த மீன் பெட்டிக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

அந்த வருஷம் இரண்டு விதிகள் புதிதாக வந்தன. முன்பெல்லாம் ஒவ்வொரு அணியும் தன் முறை வரும்போது ரோபோவைக் கொண்டுவந்தால் போதும். கடைசியில் ஓடுகிறவர்கள் மற்றவர்களைப் பார்த்துப் பார்த்துத் தங்களுடையதைத் திருத்திக்கொள்கிறார்கள் என்று புகார் போனது. அதனால் காலையில் முதல் மணி அடிப்பதற்குள் எல்லா ரோபோக்களும் உள்ளே இருக்கிற நீள மேசைக்கு வந்துவிட வேண்டும் என்றார்கள். வைத்த பிறகு முறை வரும்வரை யாரும் தொடக்கூடாது. மணி அடித்த பிறகு வருகிற ரோபோ போட்டியில் இல்லை. இது ஒன்று. கோட்டுக்கு அந்தப் பக்கம் ரோபோவில் போட்டியாளர் கை மட்டும்தான் படலாம், பெரியவர் கை பட்டால் அந்த அணி வெளியே. இது இன்னொன்று.

முதல் பரிசு வாங்குகிற அணி ஒன்றுதான் மெயின்லேண்டுக்குப் போகும். அந்த வருஷம் எல்லார் வாயிலும் இரண்டு அணிகள்தான். மரைன் ஹில் பக்கமிருந்து வருகிற அணிக்குக் கேப்டன் பூஜா. பாராடாங்கிலிருந்து வருகிற பெண்பிள்ளைகளுக்குத் தேவகி. முந்தின வருஷம் மயிரிழையில் பூஜாவின் அணி ஜெயித்திருந்தது. பரிசு கொடுத்த பிறகு இரண்டு பேரும் தண்ணீர்க் குழாயடியில் நின்று ஒருத்தியை ஒருத்தி பேசிய பேச்சை நான் காதால் கேட்டேன். அதை இங்கே எழுத முடியாது.

பாராடாங்கிலிருந்து வருவது என்றால் உங்களுக்குத் தெரியும். முதலில் வண்டிகளை ஏற்றுகிற போட்டில் கடலைத் தாண்ட வேண்டும். அப்புறம் ஜாரவா பழங்குடிகள் வாழும் காட்டு வழியில் போலீஸ் காவலோடு எல்லா வண்டிகளும் ஒன்றாகக் கான்வாயில்தான் வரலாம். ஒரு கான்வாய் போய்விட்டால் அடுத்தது கிளம்பும்வரை காத்திருக்க வேண்டும். முந்தின நாளே வந்து தங்கலாம் என்றால், அந்தப் பிள்ளைகளுக்கு அன்றைக்குப் பள்ளியில் பரீட்சை.

காலையில் அணிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன. பாராடாங் பஸ் டிரைவர் ஒரு தெர்மகோல் பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு படியேறி வந்தார். ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற பெட்டி. கழுவியிருந்தார்கள். கழுவினாலும் வாசனை எங்கே போகும்?

"அம்மா, பாராடாங் பிள்ளைங்க சாமான். பத்திரம். மடியில வச்சு ஓட்டாத குறை" என்று என் காலடியில், கோட்டுக்கு இந்தப் பக்கம், மெதுவாக இறக்கி வைத்தார்.

"பிள்ளைங்க எங்க தம்பி?"

"வேன்ல பின்னாடி வரணும். நாங்க முந்தின டிரிப்ல தாண்டிட்டோம். அடுத்த டிரிப்ல போட்டோட முன் பலகை இறங்கல. அவங்க வேன் அந்தப் பக்கமே ஃபஸ் கயா, மாட்டிக்கிச்சு. கான்வாய் அவங்களுக்காக நிக்குமா?"

நம் தீவுகளில் யாராவது ஓர் இடத்துக்குப் போகிறார்கள் என்றால் கூடவே ஊர்ச் சாமானும் போகும். மருந்து, நண்டு, பிறந்தநாள் கேக், தைத்த ரவிக்கை, எல்லாம் பஸ் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பயணம் செய்யும். அந்தப் பிள்ளைகள் வந்த வேன் பள்ளத்துக்குப் பள்ளம் குதிக்கிற பழைய வண்டி. ரோபோ அதில் வந்தால் உதிர்ந்துவிடும் என்று அவர்களுடைய சார் அதைப் பஸ்ஸில் அனுப்பியிருந்தார். இரண்டும் ஒரே கான்வாயில்தானே வரப்போகிறது என்ற நம்பிக்கை. போட்டி ரோபோவை மீன் பெட்டியில் வைத்து டிரைவரிடம் கொடுத்தனுப்புவதை மெயின்லேண்டில் தப்பு என்பார்களோ என்னமோ. இங்கே யாருக்கும் தப்பாகத் தோன்றாது.

டிரைவரின் போன் அடித்தது. பாராடாங் சார்தான். டிரைவர் போனை என்னிடம் கொடுத்தார்.

"அக்கா, சாமான் வந்துருச்சா?"

"வந்துருச்சு சார். நீங்க?"

"போட் ஏறுற ஜெட்டியிலதான் நிக்கிறோம். அடுத்த கான்வாய்தான் கிடைக்கும். எங்க முறை கடைசி, அதுக்குள்ள வந்துருவோம். ஆனா மணிக்கு முந்தி மேசையில..."

அவருக்கும் விதி தெரியும். பின்னால் ஒரு பிள்ளை விசும்புவது கேட்டது.

ரோபோ என் காலடியில். மேசை கண்ணுக்கெதிரே, நாலு எட்டு வைத்தால் எட்டிவிடும். அதை எடுத்து வைக்க வேண்டிய கைகள் மட்டும் கடலுக்கு அந்தப் பக்கம்.

எங்கள் ஹெட்மாஸ்டர் அந்த வழியாக வந்தார். தங்கமான மனிதர். யாராவது கண் கலங்கினால் அவருக்குத் தாங்காது. டிரைவர் சொன்னதைக் கேட்டார். குனிந்து பெட்டியைத் தூக்கிவிட்டார்.

"இதுக்கு என்னம்மா இவ்வளவு யோசனை? ஒரு நிமிஷ வேலை. நான் வச்சுட்டு வந்துடறேன்."

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். எனக்குச் சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போட்டவர் அவர். அவர் எதிரில் நான் உட்கார்ந்ததுகூட இல்லை. அவர் செய்யப் போவது உதவி. டிரைவர் "வாங்க சார், வாங்க" என்று வழி விடுகிறார். நான் போய்க் கோட்டின் மேல் நின்றுகொண்டேன். கீழே மஞ்சள் டேப்பைக் காட்டினேன்.

"என்னம்மா?"

"சார், கோட்டுக்கு உள்ள நீங்க தொட்டா அந்தப் பிள்ளைங்க அவுட்டு சார்."

அவர் முகம் மாறியது. கோபமா என்று ஒரு கணம் பயந்தேன். பெட்டியை, சூடான குழம்புச் சட்டியை இறக்குவதுபோல, அப்படியே மெதுவாகக் கீழே வைத்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நல்ல வேளை தடுத்தீங்க. அப்ப யாரு வைக்கிறது?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. மேடம் ஹாலின் அந்தக் கோடியில் இருந்தார். பாட்டு வேறு அலறிக்கொண்டிருந்தது. வாசலை விட்டு நான் நகரக்கூடாது. "மேடம், மேடம்" என்று கூப்பிட்டேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

மேசைக்குப் பக்கத்தில் தன் ரோபோவை வைத்துவிட்டு நின்ற பூஜா மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பினாள். அவளுக்கு அப்பா வழி இந்தத் தீவிலேயே பல தலைமுறை, அம்மா வழி தமிழ். தமிழில் தொடங்கி இந்தியில் முடிப்பாள்.

"ஆன்ட்டி, என்ன மீன்? சுறாவா, சூரையா? காலங்காத்தாலேயே கடை, துகான் போட்டுட்டீங்க?"

"மீன் இல்ல கண்ணு. பாராடாங் ரோபோ."

அவள் சிரிப்பு நின்றது. "தேவகியோடதா? அவ எங்க?"

சொன்னேன். அவள் பெட்டியைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஹாலுக்குள் ஓடினாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். மேடத்தின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

மேடம் விதித் தாளை எடுத்து அந்த வரியை வாய்விட்டு வாசித்து, எங்களுக்காகத் தமிழிலும் சொன்னார். "போட்டியாளர் கை மட்டும்னு இருக்கு. அந்த அணியின் போட்டியாளர்னு இல்ல." தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "வேற அணி மாணவர் வைக்கலாம்னும் எழுதல, கூடாதுன்னும் எழுதல. நான் எந்தப் பிள்ளையையும் வைக்கச் சொல்ல மாட்டேன். யாராவது தானா வந்தா, அந்த அணியும் சம்மதிச்சா, தடுக்க மாட்டேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

"நான் வைக்கறேன்" என்றாள் பூஜா.

கோட்டுக்கு வெளியே, எனக்குப் பின்னால் நின்ற அவளுடைய பயிற்சி சார் பதறிவிட்டார். "பூஜா! உனக்கு மூளை இருக்கா? கை தவறி ஏதாவது உடைஞ்சா நம்ம பேருதான் நாறும். பாகல் ஹை கியா? உன் வேலையப் பாரு!"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. உடைந்தால் வேண்டுமென்றே உடைத்தாள் என்றுதான் ஊர் பேசும். போன வருஷம் குழாயடியில் நடந்தது எல்லாருக்கும் தெரியும். மேடமும் அதையே மெதுவாகச் சொன்னார். "உடைஞ்சா பழி உன் மேலதான் வரும். யோசிச்சுக்கோ மோளே."

பூஜா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அவளக் கேளுங்க முதல்ல."

டிரைவர் ஜெட்டியில் நின்ற சாருக்குப் போன் போட்டு, தேவகியிடம் கொடுக்கச் சொல்லி, எல்லாருக்கும் கேட்கும்படி வைத்து என் கையில் கொடுத்தார். கோட்டுக்கு இந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு நான். அந்தப் பக்கம் பூஜாவும் மேடமும்.

"தேவகி கண்ணு, இங்க ஒரு பிள்ளை உங்க ரோபோவ மேசையில வைக்கிறேங்குது. சம்மதமா?"

"யாரு ஆன்ட்டி?"

நான் சொல்வதற்குள் பூஜாவே குனிந்து, "மைன் ஹூன்" என்றாள். நான்தான்.

அந்தப் பக்கம் போட்டின் ஹார்ன் மட்டும் கேட்டது. லைன் போய்விட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"நீயா?" என்றது தேவகியின் குரல். "நீல வயரத் தொடாத. அது லூசா இருக்கும். அடியில ரெண்டு கையக் கொடுத்துத் தூக்கு. மேல புடிச்சியோ, கொன்னுருவேன்."

"ஜா ஜா, போடி, நீ முதல்ல நீஞ்சியாவது வந்து சேரு" என்றாள் பூஜா.

டிரைவர் வெளியே நின்றபடி பெட்டியின் டேப்பைக் கிழித்து மூடியைத் திறந்தார். பெட்டியைக் கோட்டின் ஓரம்வரை தள்ளிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். உள்ளே ஒரு பழைய லுங்கியைச் சுற்றிக்கொண்டு ரோபோ உட்கார்ந்திருந்தது. பூஜா மண்டிபோட்டாள். அடியில் இரண்டு கையைக் கொடுத்தாள். தூக்கியபோது பார்த்தோம், கட்டையைக் கவ்வுகிற கை ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. பஸ்ஸிலேயே கழன்றிருக்க வேண்டும்.

பூஜா அப்படியே நின்றாள். "ஆன்ட்டி, பாத்துக்கோங்க. இது நான் பண்ணல. இப்படியேதான் இருந்துச்சு."

"நான் பாத்தேன் கண்ணு" என்றேன்.

"நானும் பாத்தேன்" என்றார் ஹெட்மாஸ்டர். "ஹம் பீ தேகா" என்றார் டிரைவர். அந்தப் பயிற்சி சாரும், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, "சரி, சரி, நட. பாத்து நட" என்றார்.

அந்தக் கையை அமுக்கி மாட்டிவிட அவளுக்கு ஒரு நொடி போதும். அவள் செய்யவில்லை. மாட்டிவிட்டால் அது உதவி, விதிக்கு வெளியே போன உதவி. தொங்கிய கை தொங்கியபடியே, பச்சைக் குழந்தையைத் தொட்டிலில் போடுவதுபோல, மேசையில் இறக்கி வைத்தாள். அவள் கையை எடுத்தாள். மணி அடித்தது.

பிறகு என்ன, காத்திருந்தோம். அணிகள் ஒவ்வொன்றாக ஓடி முடித்தன. பூஜாவின் அணி நன்றாகச் செய்தது. ஒரு கட்டையை மட்டும் கோணலாக வைத்தது. ஹாலே எழுந்து கைதட்டியது. கான்வாய் காட்டுக்குள் வந்துகொண்டிருக்கும், போன் போகாது. டிரைவர் சாப்பிடக்கூடப் போகாமல் படியிலேயே உட்கார்ந்திருந்தார். ஹெட்மாஸ்டர் அவருக்கும் எனக்கும் தன் கையால் டீ கொண்டுவந்து கொடுத்தார். அவரைத் தடுத்ததற்கு எனக்குக் கிடைத்த தண்டனை அந்த டீதான்.

கடைசிக்கு முந்தின அணி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் பழைய வேன் வந்து நின்றது. நிற்பதற்குள்ளாகவே பிள்ளைகள் குதித்தார்கள். தலையெல்லாம் செம்மண். ஓடி வந்த தேவகி கோட்டின் முன்னால் சடக்கென்று நின்று, மூச்சு வாங்க என்னைக் கேட்டாள்.

"ஆன்ட்டி, உள்ள போலாமா?"

"போ கண்ணு. கை ஒரு பக்கம் கழண்டிருக்கு. அது பஸ்ஸுல ஆனது. போனதும் அதைப் பாரு."

முறை வந்ததும் ரோபோவைத் தயார் செய்யக் கொஞ்ச நேரம் தருவார்கள். அந்த நேரத்துக்குள் நான்கு பிள்ளைகளும் அதன் மேல் கவிழ்ந்து கையை மாட்டினார்கள். ரோபோ கிளம்பியது. முதல் திருப்பத்தில் கொஞ்சம் தயங்கியது. அப்புறம் கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தது. ஒவ்வொன்றாக வைத்தது. ஒன்றுகூடக் கோணல் இல்லை.

பாராடாங் பிள்ளைகள் மெயின்லேண்டுக்குப் போனார்கள்.

பூஜாவுக்கு அது பன்னிரண்டாம் வகுப்பு. அவளுக்கு இனி ஒரு போட்டி கிடையாது. அவள் அந்தப் பெட்டியைப் பார்த்தும் பார்க்காததுபோல நின்றிருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அவளே மெயின்லேண்டுக்குப் போயிருப்பாள். அன்றைக்கு முழுக்க இதையே எண்ணிக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் பிள்ளைகள். வாசலில் நிற்கிறவள் எந்தப் பக்கம் சந்தோஷப்படுவது?

பரிசு கொடுத்து முடிந்த பிறகு அவளைக் காணவில்லை. பார்த்தால் அதே தண்ணீர்க் குழாயடியில் நின்று கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. தேவகி கொஞ்சம் தள்ளி, கிட்டே போவதா வேண்டாமா என்று கோப்பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். பூஜாதான் பேசினாள்.

"ஆன்ட்டி, எவ்வளவு கழுவினாலும் மீன் நாத்தம் போகல. சாபூன் இருக்கா?"

என் பையில் இருந்த சோப்புத் துண்டைக் கொடுத்தேன். தேவகி கோப்பையைக் குழாய்த் திண்டில் வைத்துவிட்டு வந்து, தன் கையையும் நீட்டினாள். "எனக்கும் கொடு. அந்த லுங்கி எங்கப்பாவோடது. மீன் பிடிக்கப் போறப்ப கட்டறது."

"சீ! முன்னாடியே சொல்ல மாட்டியா?" என்று பூஜா அவள் முகத்தில் தண்ணீரை அடித்தாள். அப்புறம் இரண்டு பேரும் சிரித்தார்களா அழுதார்களா என்று எனக்குத் தெரியாது. நான் வாசலுக்குத் திரும்பி வந்துவிட்டேன். சில இடங்களில் நாமும் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும்.

பிள்ளைகளே, இந்த வேலையில் எனக்குப் பெரிய சாமர்த்தியம் எதுவும் இருந்ததில்லை. நான் செய்ததெல்லாம் தொடாமல் நின்றது, மற்றவர்களையும் தொடவிடாமல் நின்றது. அந்த இடைவெளியில் ஒரு பிள்ளை தானாக நடந்து வந்தாள். நல்ல மனசு உள்ளவர்கள் வாசலில் அவசரப்படுவார்கள். அவர்களைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். கெட்ட எண்ணத்தோடு வருகிறவரை நிறுத்துவது சுலபம். என் ஹெட்மாஸ்டர், மேடம், அந்த டிரைவர், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டே "பாத்து நட" என்று சொன்ன பயிற்சி சார், இவர்கள் யாரும் அன்றைக்கு என்னைச் சின்னவளாக நடத்தவில்லை. அவர்களை நினைக்காமல் நான் அந்த ஹாலைத் தாண்டிப் போனதில்லை.

நடந்ததை மேடம் மெயின்லேண்டுக்கு எழுதிப் போட்டார் என்று தெரியும். அடுத்த வருஷம் புது விதித் தாள் வந்ததும், எனக்கு இங்கிலீஷ் வராது என்பதால், அவரே கோட்டுக்கு முன்னால் வந்து நின்று, வரலாமா என்று கேட்டுவிட்டு, வாசித்துக் காட்டினார். அணிக்கு முன்னால் அதன் ரோபோ வந்து சேர்ந்தால், அந்த அணியின் சம்மதத்தோடு, அங்கே இருக்கிற எந்தப் போட்டியாளரும் அதை மேசையில் வைக்கலாம் என்று ஒரு வரி.

உங்கள் கையில் இருக்கிற தாளிலும் அந்த வரி இருக்கும், பாருங்கள். படிக்க ஒன்றுமில்லாத வரிபோலத்தான் தெரியும். அதை எழுதினவர்களுக்குப் பாராடாங் ஜெட்டியும் தெரியாது, பூஜாவையும் தெரியாது. எனக்கு மட்டும், யாராவது அதை வாசிக்கும்போதெல்லாம், மீன் வாசனை அடிக்கும்.